பல்லுள்ளதும் பல்லில்லாததும்

4 மே 1999, செவ்வாய்

இன்று என் கத்தியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கினார்கள் என்று எழுதுவது கொஞ்சம் கூடிப்போச்சு. கேட்டு வாங்கினார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். இனித் தரமாட்டார்களாம்.

ஆறு வருசமாக, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகிற லோஞ்சு வந்து கட்டுகிற ஜெட்டியில், வாசலுக்கு உள்ளே வேப்பமரத்தடியில், பழம் வெட்டி விற்கிறேன். வாசலில் நிற்கும் நேவிக்காரர்கள் மாறுவார்கள். நானும் என் குசினிக் கத்தியும் மாறியதில்லை. இன்றிலிருந்து புதுச் சட்டம். மடிக்கிற வில்லுக்கத்தி மட்டும்தான். அலகு விரல் நீளத்துக்கு மேல் போகக்கூடாது. ஆளுக்கு ஒன்று. அதன் அடையாளத்தை எங்கள் நுழைவுப் பாசில் எழுதுவார்கள். காலையில் காட்டிக்கொண்டு உள்ளே போய், மூன்று மணிக்கு அதே கத்தியைக் காட்டிக்கொண்டு வெளியே வரவேண்டும்.

விரல் நீளக் கத்தியால் அன்னாசி வெட்டட்டாம். இந்தச் சட்டம் போட்ட மனிதர் அன்னாசியைத் தகரப் பேணிக்குள்தான் பார்த்திருப்பார்.

5 மே

ஸெய்னுதீன் நானாவின் சாமான் கடைக்குப் போனேன். வில்லுக்கத்தி இரண்டு சாதி இருந்தது. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பிடி. மடித்து வைத்தால் எது எதென்று கடைக்காரருக்கே தெரியாது. திறந்தால் ஒன்றின் வாய் முழுக்கப் பல்லு, வாள் மாதிரி. மற்றது வெறும் வாய்.

"எது நல்லது நானா?"

"ரெண்டும் நல்லதுதான் பிள்ள."

வியாபாரி வேறென்ன சொல்வார்? யோசித்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "பல்லு உள்ளதை எடுங்கோ. தீட்டத் தேவையில்லை. எதையும் வெட்டும்."

லோஞ்சில் கயிறு பிடிக்கிற கனகசுந்தரம் அண்ணை. லோஞ்சு கரைக்கு வந்ததும் கயிற்றை எறிந்து கட்டுவதும், புறப்படும்போது அவிழ்ப்பதும் அவர் வேலை. நாற்பத்துநாலு வயது. மூன்று தங்கைகளுக்கும் கலியாணம் செய்து வைத்துவிட்டுத் தனிக்கட்டையாக நிற்கிறார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவர் கேட்காமலே வந்து சொல்கிறார் என்றால் விசயம் இருக்கும் என்று நினைத்தேன். பல்லுள்ளதை வாங்கினேன்.

6 மே

விசயம் ஒன்றும் இல்லை.

நைலோன் கயிறு வெட்டுகிற மனிதரிடம் மாம்பழத்துக்கு யோசனை கேட்டேனே! கேட்கவும் இல்லை, அவராகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பழுத்த பழத்தில் கத்தியை வைத்தால் இழுக்கிறது, பிய்க்கிறது, சாறு முழங்கை வரைக்கும் ஒழுகுகிறது. துண்டெல்லாம் நார் நாராக நின்றது. மூதூருக்குப் போகிற ஒரு கிளாக்கர் கடதாசிச் சரையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, எலி கடிச்ச மிச்சமோ?" என்றார். லோஞ்சே சிரித்தது.

பக்கத்தில் வடையும் றொட்டியும் விற்கிற ஸல்ஹா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவளுக்குக் கத்தியே தேவையில்லை. கொடுத்துவைத்தவள்.

லோஞ்சு திரும்பி வந்ததும் கனகசுந்தரம் அண்ணையிடம் கேட்டுவிட்டேன். "எதையும் வெட்டும் எண்டீங்களே. இதைப் பாருங்கோ."

பார்த்தார். ஒரு துண்டை எடுத்துத் தின்றார். "ருசி அப்பிடியேதான் இருக்கு" என்றார்.

7 மே, வெள்ளி

நானாவிடம் கொடுத்து மாற்றினேன். பல்லில்லாதது. பாசில் எழுதினதையும் மாற்ற வேண்டும் அல்லவா? வாசலில் நிற்கிற இளம் நேவிக்காரனுக்கு ஓரளவு தமிழ் வரும். "நேத்து பல்லு இருந்துச்சு. இன்னைக்குப் பல்லு எங்க அம்மா?" என்றான். "விழுந்திட்டுது தம்பி" என்றேன். சிரிக்காமல் வெட்டி எழுதினான். சிரித்தானோ தெரியாது, தொப்பி மறைத்தது.

8 மே

மாம்பழம் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படுகிறது. ஒரு நார் எழும்பவில்லை. கனகசுந்தரம் அண்ணை பார்க்கும்படியாக வெட்டினேன்.

14 மே

அன்னாசி வந்து இறங்கியிருக்கிறது. இந்த வெறும் வாய்க் கத்தி மாம்பழத்தில் இளவரசி, அன்னாசித் தோலில் சறுக்கி என் பெருவிரலுக்கு வருகிறது. இரண்டு பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கனகசுந்தரம் அண்ணை வந்தார். தன்னுடைய பல்லுக் கத்தியை எடுத்து என் பழப்பெட்டியின் மேல் வைத்தார். நான் எடுத்து வெட்டினேன். தோல் வாள் பட்ட பலகை மாதிரி வந்தது. மடித்துப் பெட்டியின் மேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. உப்பும் அப்படித்தான். ஆனால் நேவிக்காரனுக்குத் தெரியுமா? காலையில் அவன் கையை நீட்டுவான், நான் கத்தியை மண்மூட்டையின் மேல் வைப்பேன். முதல் நாள் தோளில் கிடந்த துவக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய்விட்டான். ஸல்ஹா போய் விளங்கப்படுத்தினாள். "இந்தம்மா உங்களோட சண்டை பிடிக்க விருப்பமில்லாமத்தான் வைக்கிறாங்க" என்றாள். இப்போது அவனே மூட்டையைத் தட்டி, "இங்க வைங்க" என்கிறான்.

23 மே, ஞாயிறு

அண்ணா தொலைபேசியில் கூப்பிட்டார். கொமினிகேசன் கடையில் காத்திருந்து பேசினேன். அண்ணாவை, சோமசேகரம் மாஸ்டர் என்றால் மட்டக்களப்பில் தெரியாத ஆள் இல்லையாம், எனக்கு மட்டும் அவர் எப்போதும் வகுப்பு எடுக்கிற குரலில்தான் கதைப்பார்.

"முப்பத்தொன்பது வயசில ஜெட்டியில தனிய நிண்டு பழம் வெட்டினது போதும். ஆவணி முதல் கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவன். இஞ்ச பிள்ளையளோட இருக்கலாம்."

பிள்ளைகளோடு இருக்கலாம் என்றால் பிள்ளைகளுக்குச் சமைக்கலாம் என்று அர்த்தம். அண்ணி நல்லவ. வீடும் பெரிய வீடு. ஆனால் அங்கே நான் ஆர்? அண்ணாவின் தங்கச்சி. இங்கே நான் ஜெட்டி மலர். எனக்குப் போக விருப்பமில்லை. அதைச் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்கிறார் அண்ணா. "அங்க உனக்கு ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?"

சொல்ல உறவென்று ஒருவரும் இல்லை. வாயில் ஒரு பெயர் வந்தது. விழுங்கிவிட்டேன்.

2 யூன்

தினமும் காலையில் முதல் லோஞ்சு கட்டினதும் பல்லுக் கத்தி என் பெட்டிக்கு வருகிறது. நான் அன்னாசியெல்லாம் தோல் சீவி முடிக்கும் வரை அவர் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார். ஒரு துண்டு கொடுப்பேன், உப்புத்தூள் போட்டு. தின்பார். இன்றும் அதே விவாதம்.

"பல்லு இருந்தா இவ்வளவு கரைச்சல் இல்லை."

"மாம்பழத்துக்கு ஏலாது."

"மாம்பழம் ரெண்டு மாசந்தான். கயிறு வருசம் முழுக்க."

"நான் கயிறு விக்கேல்லை."

கத்தியை எடுத்துக்கொண்டு லோஞ்சுக்குப் போனார். எனக்கு நாள் முழுக்க நல்ல சந்தோசம்.

9 யூன்

ஸல்ஹா கேட்டாள்: "மலரக்கா, அவர அண்ண எண்டு சொல்றத எப்ப உட்டீங்க?"

விட்டேனா? நினைத்துப் பார்த்தேன். விட்டுத்தான் இருக்கிறேன். மேலே 2ஆம் திகதி எழுதினதைப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

"வேலை அவசரத்தில வாயில வரேல்லை" என்றேன்.

"ஓம் ஓம்" என்றாள். அந்த இரண்டாவது ஓம் தேவையில்லை.

22 யூன், செவ்வாய்

இரண்டு மணி லோஞ்சு போனது. திரும்பி வரவில்லை. மூன்று மணிக்கு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். குடாவுக்குள் வெடிச்சத்தம் கேட்டதாம், ஒருவரும் ஒழுங்காகச் சொல்கிறார்கள் இல்லை. ஒருவர் லோஞ்சை அக்கரையில் நிப்பாட்டி வைத்திருக்கினம் என்கிறார். இன்னொருவர் — அதை எழுத மாட்டேன்.

வாசலுக்கு வெளியே நின்றேன். மாம்பழம் வெயிலில் வெந்து மணத்தது. ஸல்ஹா "வாங்க வீட்ட போவம்" என்று இழுத்தாள். நான் ஏன் நிக்கிறன்? எனக்கு ஆர் அந்த ஆள்? கயிறு பிடிக்கிறவர், அவ்வளவுதான். காலமை அன்னாசிக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு சொன்னவர், நான் சரி தின்னாதேங்கோ எண்டனான். அதுவோ கடைசிக் கதை? அம்மாளாச்சி, அது கடைசிக் கதையாய் இருக்கக்கூடாது.

23 யூன்

வந்துவிட்டார்!! லோஞ்சு ஒன்பது மணிக்கு வந்தது. எல்லோரும் சுகம். அக்கரையில்தான் மறித்து வைத்திருந்தார்களாம்.

நான் இரவு கண் மூடவில்லை. அந்த ஆள் என்ன சொல்கிறார் தெரியுமா? "மூதூரில ஸல்ஹாவின்ர மாமி வீட்டில புட்டும் பாரை மீன் குழம்பும் தந்தவை. நல்ல நித்திரை."

எனக்கு வந்த கோபம்! "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத்தானே தெரியும், சுகமா இருக்கிறன் எண்டு ஆரிட்டயாவது சொல்லி அனுப்ப ஏலாதோ?" என்று கத்திவிட்டேன். ஜெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் பேந்தப் பேந்த முழித்தார். பிறகு பல்லுக் கத்தியை மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்தார்.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். இனி அழிக்க முடியாது, பேனை மை.

18 யூலை, ஞாயிறு

அண்ணா மறுபடியும். ஆவணி ஐந்தாம் நாள், 21ஆம் திகதி சனிக்கிழமை வருகிறாராம். சாமான்களைக் கட்டி வைக்கட்டாம்.

நான் கயிறு பிடிக்கிறவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? பெண்பிள்ளை போய், "நான் போகப்போறன், மறியுங்கோ" என்று சொல்வதா? வெட்கமாக இருக்கிறது. அவராகச் சொல்வாரா? கத்தியைப் பற்றி என்றால் நாள் முழுக்கச் சொல்வார்.

20 யூலை

ஆவணியில் மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று ஸல்ஹாவிடம் சத்தமாகச் சொன்னேன், அவர் காதில் விழும்படி. அன்னாசித் துண்டு பாதி வழியில் நின்றது. பிறகு தின்றார்.

போகட்டும்.

3 ஓகஸ்ட், செவ்வாய்

சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் அன்னாசி சீவி முடித்து அவருடைய கத்தியை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தேன். வெள்ளரிக்காய் வெட்டின என்னுடையதும் மடித்தபடி பக்கத்தில் கிடந்தது. லோஞ்சு கூவியது. அவர் ஓடிவந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கையில் கொடுத்து வாங்குகிற சனமாக இருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. நாங்கள் சண்டைக்குப் பயந்து கீழே வைக்கிற ஆட்கள்.

அடுத்த மாம்பழத்தை எடுத்துக் கத்தியைத் திறந்தேன். பல்லு! லோஞ்சு அதற்குள் பாதிக் கடல் தாண்டிவிட்டது. இன்றைக்கென்று எஞ்சினில் ஏதோ கோளாறு, மூதூரிலேயே நின்றுவிட்டது. மூன்று மணி. வெளியே வர வேண்டும். மூட்டையின் மேல் வைத்தேன். இளம் நேவிக்காரன் திறந்தான்.

"அம்மா, இது பல்லு இருக்கு. பாசில பல்லு இல்ல."

இன்றைக்கென்று நேவிப் பெரியவர் ஒருவரும் பக்கத்தில் கதிரையில் இருந்தார். சிங்களத்தில் கேட்டார், இவன் தமிழில் கேட்டான்.

"இது யாருட கத்தி?"

"லோஞ்சில கயிறு பிடிக்கிறவற்ற."

"உங்கட கத்தி?"

"அவரிட்ட."

"அவர் எங்க?"

"மூதூரில."

சொல்லும்போதே விளங்கியது, அவர்கள் காதில் இது எப்படி விழும் என்று. இந்தப் பெண் அக்கரைக்குக் கத்தி கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பெரியவர் கதிரையிலிருந்து எழும்பினார். என் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். நீளமாக ஏதோ சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரு வீடா எண்டு கேக்கிறார். ஒரு வீடு எண்டா சாமான் மாறும், பிரச்சின இல்ல. வேற ஆள் எண்டா ரெண்டு பாசும் கட். அவருக்கும் வேல இல்ல."

"ஓம்" என்றேன். நான்தான் சொன்னேன். "ஒரு வீடு."

வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். எங்கட வீட்டை இனித்தான் கட்ட வேண்டும் என்று இருந்து யோசித்தேன். நாலரைக்கு லோஞ்சு வந்தது. அவரை நேரே கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் பெரியவர் நின்றார். கண் காட்டக்கூட வழியில்லை. இந்த மனிதர் உண்மையைத் தவிர ஒன்றும் தெரியாத ஆள். போச்சு, இரண்டு பேருடைய பிழைப்பும் போச்சு என்று நினைத்தேன்.

நேவிக்காரன் என்னைக் காட்டி, "இது யாரு?" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த பல்லுக் கத்தியைப் பார்த்தார்.

"என்ர வீட்டுக்காரி" என்றார். "கத்தி மாறிப்போச்சோ? காலமையும் இதுக்குத்தான் சண்டை. பல்லு உள்ளதை வைச்சிரு எண்டா சொல்லுக் கேக்கிறா இல்லை."

மே மாதத்திலிருந்து என்னிடம் பேசின எல்லாவற்றையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. நேவிக்காரன் மொழிபெயர்த்தான். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வீட்டிலும் ஒரு சண்டை இருக்கும் போல. பாஸைத் திருப்பித் தந்தார். ஆனால் ஒன்று: செப்டெம்பர் முதலாம் திகதி எல்லாப் பாசும் புதுப்பிக்கிற நாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் கலியாணப் பதிவுத் துண்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அவருடைய பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பினார்.

"உங்கட கத்தி நல்லா வெட்டுது. மூதூரில நனைஞ்ச கயிறு ஒண்டு சிக்கினது. ஒரே இழுவை."

ஏறிப்போய்விட்டார்! இவ்வளவு நாள் பிடித்த சண்டையில் தோற்றதை ஒப்புக்கொண்டார், வீட்டுக்காரி என்றதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவருடையதும் மோசமில்லை. மாம்பழத்தைக் கொஞ்சம் ஆறுதலாக அறுத்தால் அதுவும் வெட்டும். இதை இந்தக் கொப்பியைத் தவிர ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

6 ஓகஸ்ட்

ஒன்றும் சொல்லவில்லை. கத்தி வருகிறது, போகிறது. இப்போது அவருடைய பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது, மாறாமல் இருக்க.

மாறினால் என்ன?

9 ஓகஸ்ட்

நாளைக்கும் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் சாமான் கட்டத் தொடங்குவேன். சத்தியமாக.

10 ஓகஸ்ட்

கட்டவில்லை. கயிறு இல்லை.

12 ஓகஸ்ட், வியாழன்

காற்று கூடினதால் லோஞ்சு புறப்படப் பிந்தியது. ஸல்ஹா திடீரென்று தண்ணீர் எடுக்கப் போனாள். குடத்தை விட்டுவிட்டுத்தான் போனாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "முதலாம் திகதி துண்டு கேப்பினம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "பாசுக்காகக் கலியாணம் கட்டுற ஆள் நான் இல்லை. பழத்தைச் சந்தையிலயும் விக்கலாம். மட்டக்களப்பிலயும் விக்கலாம்."

கயிற்றுச் சுருளைத் தூக்கித் தோளில் போட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, வெங்காயமும் வெட்டவில்லை, சாட்டுச் சொல்ல.

"அண்டைக்கு வீட்டுக்காரி எண்டது பாசுக்காக இல்லை" என்றார். "அதுக்கு முதலே மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பழகின சொல்லு. திடீரெண்டு கேட்டாங்கள், வாயில வந்திட்டுது. நீங்கள் மட்டக்களப்புக்குப் போறன் எண்ட அண்டு கேட்டிருக்கோணும். எனக்குக் கதைக்கத் தெரியாது. போகாதேங்கோ."

இவ்வளவையும் என் பழப்பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். பரவாயில்லை. பெட்டியும் நானும் ஒன்றுதான்.

"அண்ணா இருபத்தொராம் திகதி வாறார். அவரிட்டக் கேளுங்கோ" என்றேன். "என்னட்டக் கேக்க ஒண்டுமில்லை. நான் அண்டைக்கே ஓம் எண்டிட்டன்."

அன்னாசித் துண்டு கொடுத்தேன். உப்புப் போட மறந்துபோனேன். தின்றார். ஒரு குறையும் சொல்லவில்லை.

21 ஓகஸ்ட், சனி

அண்ணா வந்தார், என் சாமானுக்கென்று இரண்டு வெறும் பையோடு. கயிறு பிடிக்கிறவர் வெள்ளை வேட்டி சால்வையோடு எங்கள் வீட்டு மண்டபத்தில் கதிரை நுனியில் இருந்தார். அண்ணா வகுப்புக் குரலில் ஊர், குலம், தொழில் எல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பதில்.

கடைசியில் அண்ணா, "உங்களுக்குள்ள சண்டை வராதோ?" என்று கேட்டார்.

"வரும்" என்றார் அவர். "வந்தாத்தான் எனக்குக் கதை வருது."

அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்பா போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. பின்னேரம் வெறும் பைகளில் ஜெட்டி மாம்பழமும் ஸல்ஹாவின் றொட்டியும் நிரப்பிக் கொடுத்தேன். கலியாணம் முடியத்தான் கொண்டுபோவாராம். அதுவரைக்கும் மாம்பழம் நிற்காது என்று சொன்னேன். அப்போ தின்னுவம் என்றார்.

27 ஓகஸ்ட், வெள்ளி

காலையில் பதிவு. பிறகு காளி கோயிலில் தாலி. எழுத நேரமில்லை, வீடு நிறையச் சனம். ஸல்ஹா வட்டிலப்பம் கொண்டுவந்திருக்கிறாள். ஸெய்னுதீன் நானா அன்பளிப்பாகக் கத்தி தரக்கூடாது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு தேங்காய் திருவலை தந்தார். அதிலும் பல்லு.

1 செப்டெம்பர், புதன்

பாஸ் புதுப்பிக்கப் போனோம், இருவரும். நல்ல வரிசை. பெரியவர் இல்லை, அதே இளம் நேவிக்காரன்தான் மேசையில். பழைய பாஸ் இரண்டையும் பார்த்தான். என்னுடைய கத்தியைத் திறந்து பார்த்தான், அவருடையதைத் திறந்து பார்த்தான், எழுதினான். பிறகு பதிவுத் துண்டைக் கேட்டான். மேசையில் வைத்தேன்.

வாசித்தான். முகம் மாறியது. துண்டைக் கிட்டத்தில் கொண்டுபோய்த் திகதியில் விரலை வைத்தான். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை! துண்டு வேண்டும் என்று ஓடினோமே தவிர, துண்டில் திகதி இருக்கும் என்று இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. பக்கத்தில் இவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

"இருபத்தேழு, எட்டாம் மாசம்" என்றான் நேவிக்காரன், மெதுவாக. "அம்மா, நீங்க சொன்னது மூணாந் திகதி. அன்னைக்குப் பொய்?"

"பொய்யில்லைத் தம்பி" என்றேன். "கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டம்."

அவன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். முத்திரையை எடுத்து இரண்டு பாசிலும் ஓங்கிக் குத்தினான்.